பைலா யாரிடம் இருக்கிறது?



கணக்கை முடித்து, ஆடிட்டர் கையெழுத்தும் வாங்கி, சங்கங்கள் எல்லாம் ஆண்டுப் பொதுக்குழுவைக் கூட்டுகிற பருவம் இது. குடியிருப்போர் நலச் சங்கம், பழைய மாணவர் சங்கம், ஓய்வூதியர் சங்கம், இளைஞர் நற்பணி மன்றம், சபா, வாசகர் வட்டம் என்று ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இல்லாதவர் நம் வாசகர்களில் குறைவு. உங்களுக்கும் அழைப்பிதழ் வந்திருக்கும். வரவேற்புரை, ஆண்டறிக்கை, வரவு செலவுக் கணக்குக்கு ஒப்புதல், தலைவர் அனுமதியுடன் பிற பொருள்கள், நன்றியுரை, தேநீர். கணக்கைப் பொருளாளர் மூச்சு விடாமல் வாசிப்பார். "ஏற்றுக்கொள்வோமா?" என்றதும் கைதட்டல் எழும். வரும் ஆண்டுக்கும் இவர்களே தொடரட்டும் என்று ஒருவர் எழுந்து முன்மொழிவார், இன்னொருவர் உட்கார்ந்தபடியே வழிமொழிவார். போண்டா ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. ஒரு பைசா வாங்காமல், சொந்த வண்டியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, மின்வாரியத்துக்கும் மாநகராட்சிக்கும் வருஷக்கணக்கில் அலைகிற செயலாளர்கள் எத்தனையோ பேரை நான் அறிவேன். அவர்களுக்குக் கிடைக்கும் கைதட்டல் குறைவுதான். என் கவலை வேறு. நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் ஒரு வகை அடிக்கடி தலைகாட்டுகிறது. 'எங்கள் சங்கத்தில் தேர்தலே நடப்பதில்லை, என்ன செய்யலாம்?' 'காரணமே சொல்லாமல் என்னை நீக்கிவிட்டார்கள், அது செல்லுமா?' 'அறக்கட்டளைக்கு எழுதி வைத்த இடத்தை விற்கப் பார்க்கிறார்கள், தடுக்க முடியுமா?' இவர்களுக்கு நாங்கள் திருப்பி எழுதுகிற முதல் கேள்வி ஒன்றுதான்: உங்கள் பைலாவில் என்ன இருக்கிறது? வருகிற பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "அது செயலாளர்கிட்ட இருக்கு சார்."

ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கம் முழுக்க அந்தக் காகிதத்தைப் பற்றி.

தமிழ்நாட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு பொதுக்காரியம் செய்ய நினைத்தால் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் போகிறார்கள். குறைந்தது ஏழு பேர் சேர்ந்து, 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்தால் அது சங்கம். அதற்கு இரண்டு ஆவணங்கள் வேண்டும். சங்கத்தின் பெயர், நோக்கம், முதல் நிர்வாகிகள் யார் என்று சொல்லும் அமைப்புக் குறிப்பு ஒன்று. அந்தச் சங்கம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் விதிகள் இன்னொன்று. பைலா என்று நாம் சொல்வது இதைத்தான். சங்கம் வேண்டாம், அறக்கட்டளை போதும் என்பவர்கள் முத்திரைத்தாளில் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிகிறார்கள். டிரஸ்ட் டீட் என்கிற அந்த ஒரு பத்திரமே அதற்கு ஆதியும் அந்தமும். மூன்றாவது, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 8-ஆம் பிரிவின்படி அமைக்கிற லாபநோக்கமற்ற கம்பெனி. ஆடிட்டர் துணையில்லாமல் அதை ஒரு வருஷம்கூட ஓட்ட முடியாது என்பதால் அங்கே காகிதம் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தக் காகிதங்களுக்குள் ஒரு வரிசை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே சட்டம். சட்டத்துக்கு முரணாகப் பைலா எழுத முடியாது. பைலாவுக்கு முரணாகப் பொதுக்குழு தீர்மானம் போட முடியாது. பொதுக்குழு சொன்னதை மீறிச் செயற்குழு நடக்க முடியாது. "இங்க வழக்கமா இப்படித்தான்" என்பது இத்தனைக்கும் கீழே, கடைசிப் படியில் நிற்க வேண்டியது. நம்மூர்ச் சங்கங்கள் பலவற்றில் அதுதான் முதல் படியில் நிற்கிறது.

பொதுக்குழுவில் இருநூறு பேர் கூடி ஒருமனதாகக் கை தூக்கினால் எதையும் செய்யலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. பைலாவை மாற்ற வேண்டுமானால், இன்னதை இப்படி மாற்றப்போகிறோம் என்று சொல்லி 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினர் ஆதரிக்க வேண்டும். அதற்குப் பெயர் சிறப்புத் தீர்மானம். அதைப் பதிவாளரிடம் கொடுத்து அவர் பதிவு செய்த பிறகுதான் திருத்தம் உயிர் பெறும். 'பிற பொருள்கள்' என்ற தலைப்பில், தேநீருக்கு முந்திய ஐந்து நிமிடத்தில், சந்தாவை இரட்டிப்பாக்குவதும் பதவிக்காலத்தை நீட்டிப்பதும் இந்தக் கணக்கில் சேராது.

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகர் தம் குடியிருப்புச் சங்கத்தின் பைலாவைப் பார்வைக்கு அனுப்பியிருந்தார். ஸ்பைரல் பைண்டிங், முதல் பக்கத்தில் பதிவாளர் அலுவலக முத்திரை, எல்லாம் முறையாக இருந்தது. நடுவில் ஒரு பக்கத்தில் இப்படி ஒரு விதி: உறுப்பினர்கள் உரிய காலணியுடன் மட்டுமே ஆடுகளத்தில் இறங்க வேண்டும், மட்டைகளை அவரவரே கொண்டுவர வேண்டும். அந்தக் குடியிருப்பில் ஆடுகளம் கிடையாது. கார் நிறுத்தவே இடம் போதவில்லை. சங்கத்தைப் பதிவு செய்தபோது எழுதிக்கொடுத்தவர், கம்ப்யூட்டரில் இருந்த ஏதோ ஒரு இறகுப்பந்துக் கழகத்தின் பைலாவை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏழு பேரில் ஒருவர் கண்ணிலும் அந்த மட்டை படவில்லை.

சிரித்துவிட்டு மேலே படித்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. வீட்டு உரிமையாளருக்கு ஓட்டா, குடியிருக்கும் வாடகைதாரருக்கு ஓட்டா என்று அந்தப் பைலாவில் ஒரு வரி இல்லை. கணவனும் மனைவியும் கூட்டாக வாங்கிய வீட்டுக்கு ஒரு ஓட்டா, இரண்டா என்பதும் இல்லை. மூன்று வீடு வைத்திருப்பவருக்கு மூன்று ஓட்டா என்பதும் இல்லை. அந்தச் சங்கத்தில் நடந்துகொண்டிருந்த தகராறு சரியாக இந்த மூன்றையும் பற்றியது.

பைலாவைக் கையில் எடுத்ததும் நாம் முதலில் படிப்பது நோக்கங்களை. ஏழை மாணவர்க்கு உதவுதல், மரம் நடுதல், கலை வளர்த்தல், உறுப்பினரிடையே நல்லுறவு பேணுதல். படிக்கப் படிக்க மனம் நிறையும். அந்தப் பக்கம் முக்கியம்தான். வருமான வரி விலக்குக் கேட்டு விண்ணப்பித்தால் அதிகாரி முதலில் திருப்புவது அதைத்தான்; பிற்பாடு நோக்கத்தை மாற்றினால் 30 நாளுக்குள் வரித்துறையிடம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். ஆனால் நோக்கத்துக்காக யாரும் சண்டை போட்டுப் பார்த்ததில்லை. மரம் நடக்கூடாது என்று எந்தச் சங்கத்திலும் எதிரணி கிடையாது. சண்டை வருவது இரண்டே இடத்தில். யார் உறுப்பினர்? கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் யாருக்கு? மற்ற விதிகளை எல்லாம் மேலோட்டமாகப் பார்த்தால்கூட, இந்த இரண்டை மட்டும் பென்சிலால் கோடு போட்டுப் படிக்கச் சொல்வேன்.

தமிழ்நாடே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. தென்னிந்திய நடிகர் சங்கம் இதே சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் உள்ளது. 2015 அக்டோபரில் தேர்வான நிர்வாகிகளின் மூன்று வருஷப் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. கட்டட வேலையைக் காரணம் காட்டித் தேர்தலை ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். பிறகு 2019 ஜூன் 23 அன்று தேர்தல் என்று அறிவிப்பு வந்தது. அதற்குள், 60 பேருக்கு மேற்பட்டவர்களை ஓட்டுரிமை உள்ள பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று புகார். சங்கங்களின் பதிவாளர் தேர்தலை நிறுத்தச் சொன்னார். உயர்நீதிமன்றம், தேர்தலை நடத்துங்கள், ஆனால் ஓட்டுகளை எண்ணாதீர்கள் என்றது. ஓட்டுப் பெட்டிகள் வங்கிப் பெட்டகத்துக்குப் போயின. பதவிக்காலம் முடிந்த நிர்வாகிகள் கூட்டிய தேர்தல் செல்லாது என்று 2020 ஜனவரியில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2022 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்து, ஓட்டுகளை எண்ணச் சொன்னது. மார்ச் 20 அன்று எண்ணினார்கள். ஓட்டுப் போட்டதற்கும் எண்ணியதற்கும் நடுவே இரண்டே முக்கால் வருஷம். அதில் ஒரு கொரோனாவே வந்து போய்விட்டது.

யார் பக்கம் நியாயம் என்பது இங்கே நமக்கு வேண்டாம். அத்தனை பெரிய வழக்கறிஞர்களும் இத்தனை வருஷமும் வாதாடிய விஷயம் எது என்று மட்டும் பாருங்கள். யாருக்கு ஓட்டு, காலாவதியான குழுவுக்குக் கூட்டம் கூட்டும் அதிகாரம் உண்டா. பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு விதி தெளிவாக எழுதியிருந்தால் பாதி வாதம் குறைந்திருக்கும். செயற்குழுவின் பதவிக்காலம் ஒரு தடவைக்கு மூன்று வருஷத்துக்கு மேல் போகக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. திரும்பத் தேர்வாகலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் திரும்பத் தேர்வாக வேண்டும். 'இவர்களே தொடரட்டும்' என்ற கைதட்டலைத் தேர்தல் என்று மினிட் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டுகிற சங்கங்கள், எதிர்த்துக் கேட்க ஆளில்லாத வரைக்கும்தான் ஓடும்.

இன்னொரு சங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகிலேயே பணக்காரக் கிரிக்கெட் வாரியம் என்று பெயர் வாங்கிய பி.சி.சி.ஐ., உங்கள் தெரு நலச் சங்கம் எந்தச் சட்டத்தின்கீழ் இருக்கிறதோ அதே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் உள்ள ஒரு சங்கம். மும்பையில் தலைமையகம், உலகமெல்லாம் ஒளிபரப்பு. பைலாவோ நம்மூர்ப் பதிவாளர் அலுவலகத்தில்.

அந்தப் பைலாவில் 6.2.4 என்று ஒரு விதி. வாரியத்தை நிர்வகிப்பவர், வாரியம் நடத்தும் ஆட்டங்களில் நேரடியாகவோ மறைமுகமாகவோ வியாபார ஆதாயம் வைத்திருக்கக்கூடாது என்பது அதன் சாரம். 2008 ஜனவரியில் ஐ.பி.எல். அணிகள் ஏலத்துக்கு வந்தபோது சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் எடுத்தது. அதன் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன் அப்போது வாரியத்தின் பொருளாளர். அதே வருஷம் செப்டம்பரில் அந்த விதி திருத்தப்பட்டது. ஆதாயம் கூடாது, ஆனால் ஐ.பி.எல். போன்ற போட்டிகள் நீங்கலாக என்று ஒரு வால் சேர்ந்தது. விதியை அப்படியே விட்டு, அது பாயவேண்டிய ஒரே இடத்தில் மட்டும் கதவைத் திறந்துவிட்ட திருத்தம். வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ.சி. முத்தையா நீதிமன்றம் போனார். 2011-இல் உச்சநீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். 2013-இல் ஐ.பி.எல். சூதாட்டப் புகார் வெடித்த பிறகு விவகாரம் வேகம் பிடித்தது. 2015 ஜனவரி 22 அன்று அந்தத் திருத்தம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் அடித்துவிட்டது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று. அந்தத் திருத்தம் ரகசியமாக நடந்ததல்ல. பொதுக்குழு கூடித்தான் நிறைவேற்றியது. கைகள் தேவைக்கு மேலேயே உயர்ந்திருக்கும். அப்படியும் நிற்கவில்லை. காவலிருப்பவரே கடையும் விரிக்கலாம் என்று எத்தனை பேர் சேர்ந்து எழுதினாலும் அது பொதுநலனுக்கு விரோதம் என்றது நீதிமன்றம். அதோடு விடவில்லை. சீர்திருத்தங்களைப் பரிந்துரைக்க நீதிபதி லோதா குழு வந்தது. 2018 ஆகஸ்ட் 9 அன்று வாரியத்துக்குப் புதிய பைலாவே எழுதிக்கொடுத்து, தமிழ்நாட்டுச் சங்கப் பதிவாளர் அதை உடனே பதிவு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. இனிமேல் தன்னைக் கேட்காமல் அதில் ஒரு வரிகூட மாற்றக்கூடாது என்றும் சேர்த்தது. எழுபது வயது தாண்டியவர் பதவிக்கு வரக்கூடாது, தொடர்ந்து இரண்டு முறை பதவியில் இருந்தவர் மூன்று வருஷம் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பவை அதில் இருந்த விதிகள். ஒதுங்கியிருக்கும் விதி 2022 செப்டம்பரில் கொஞ்சம் தளர்ந்தது.

எழுபது வயது, மூன்று வருஷம். இந்த இரண்டு எண்ணையும் வேறு எங்கோ பார்த்த ஞாபகம் வருகிறதா? காஞ்சிபுரம் பக்கத்தில் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர். முதலாம் பராந்தகச் சோழனின் கல்வெட்டு.

குடவோலைப் பெருமையைப் பள்ளிப் பாடத்திலிருந்து மேடைப் பேச்சு வரை கேட்டிருக்கிறோம். அங்கே இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன என்பதைத்தான் அவ்வளவாகப் பேசுவதில்லை. முதலாவது 919-ஆம் ஆண்டு. வாரியம் என்ற சபைக் குழுவின் உறுப்பினருக்கு வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள் என்கிறது. இரண்டாவது 921. அதில் முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் என்று மாறியிருக்கிறது. முதல் ஏற்பாட்டில் ஏதோ ஒத்துவரவில்லை. இரண்டே வருஷத்தில் சபை கூடித் திருத்தம் போட்டு, அதையும் கல்லில் வெட்டி, அதே கோயில் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டார்கள். கடந்த மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் மறுபடி வரக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் வரவே கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. கணக்கு விஷயத்தில் சித்தி மகன், மாமன் மகன் வரைக்கும் யோசித்திருக்கிறார்கள். நம் பைலாக்களில் இந்த விதியை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

இதை உலகின் முதல் ஜனநாயகம் என்று மார்தட்டுவதில் எனக்குப் பாதி மனம்தான். அது பிராமணர் குடியிருப்பின் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் இல்லாதவருக்குப் பொதுவாக அங்கே இடமில்லை. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. உழுதவன் பெயர் குடத்துக்குள் போனதில்லை. ஆனாலும் ஒரு ஆட்சி ஆவணம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். நோக்கம் பற்றி நீட்டி முழக்காமல், யார் வரலாம், யார் வரக்கூடாது, எத்தனை நாள் இருக்கலாம், எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் இறங்கிவிட்டார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், பதவி 360 நாள். சீட்டைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். முக்கியமாக, அந்த ஆவணம் செயலாளரிடம் இல்லை. சுவரில் இருந்தது.

அறக்கட்டளை பற்றி இரண்டு வார்த்தை. சங்கத்தைவிட இது கடினமான கல். சங்கத்தில் உறுப்பினர் உண்டு, தேர்தல் உண்டு, திருத்தம் உண்டு. அறக்கட்டளையில் எழுதியவர் எழுதியதுதான். பத்திரத்தைத் திருத்தும் அதிகாரத்தை அதிலேயே வைத்திருக்காவிட்டால், எழுதியவரே பிறகு நினைத்தாலும் லேசில் மாற்ற முடியாது. அடுத்த அறங்காவலர் யார், ஒருவர் இறந்தால் யார் நியமிப்பது, சொத்தை விற்கலாமா என்பதில் ஒரு வரி விட்டுப்போனால் அடுத்த தலைமுறை கோர்ட் வாசலில் நிற்கும். பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமாவதற்குச் சில நாள் முன் உயில் எழுதி, தம் செல்வத்தைக் கோயில் கட்டளைகளுக்கும் தருமங்களுக்கும் வைத்தார். உயில் தெளிவாகத்தான் இருந்தது. அதை நடத்தவேண்டியவர்களை யார் மேற்பார்ப்பது என்பதுதான் இல்லை. பணம் சிக்கி, வழக்கு நீண்டு, கடைசியில் சென்னை சுப்ரீம் கோர்ட் கையிலெடுத்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியில், கட்டளைகள் போக மிஞ்சிய பணத்தில் பள்ளிக்கூடம் திறந்தபோது ஆண்டு 1842. அவர் போய் ஏறக்குறைய அரை நூற்றாண்டு. பின்னாளில் அந்தப் பள்ளி பச்சையப்பன் கல்லூரி ஆனதால் நாம் அதை நல்ல கதையாகச் சொல்கிறோம். இடையில் ஒரு தலைமுறை முழுக்க அந்தத் தருமத்தின் பயனைப் பார்க்காமலே போய்விட்டது.

இன்றும் பொது அறக்கட்டளை ஒன்று தடம் மாறினால், அதில் அக்கறை உள்ள இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதி பெற்று, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போடலாம். சங்கத் தகராறு என்றால் பலர் நேரே பதிவாளரிடம் ஓடுகிறார்கள். நிர்வாகிகள் மாறினால் தாக்கல் செய்யும் 7-ஆம் எண் படிவத்தை இரண்டு அணியும் போட்டி போட்டுக்கொண்டு கொடுப்பார்கள். எந்தப் படிவத்தில் முத்திரை விழுகிறதோ அந்த அணியே ஜெயித்தது என்று பட்டாசு வெடிப்பார்கள். எந்தத் தேர்தல் சரி என்று தீர்ப்புச் சொல்வது பதிவாளர் வேலையல்ல, அதற்கு உரிமையியல் நீதிமன்றம்தான் என்று சென்னை உயர்நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியாகிவிட்டது. பதிவாளர் விசாரிக்கலாம், குறையைச் சுட்டலாம். நாற்காலியில் உட்காரவைக்க அவரால் ஆகாது.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. எல்லாச் சங்கத்திலும் ஒரு பைலா புலி உண்டு. பொங்கல் விழாவுக்குக் கரும்பு வாங்கினால்கூட எந்த விதியின்கீழ் என்று கேட்பவர். கோரம் ஒரு ஆள் குறைகிறது என்று வெளியூரிலிருந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்பவர். அவருக்கு இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொடுத்துவிடாதீர்கள். விதியைக் காட்டி வேலையை நிறுத்துவது சுலபம். அதே பைலாவில் அவசரக் கூட்டம் எப்படிக் கூட்டலாம், கோரம் இல்லாவிட்டால் ஒத்திவைத்த கூட்டத்தை எப்போது நடத்தலாம் என்றும் எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தை அவர் திருப்புவதில்லை.

பொதுக்குழு அழைப்பிதழ் கையில் இருக்கிறதல்லவா? கூட்டத்துக்கு முன்னால் செயலாளரிடம் பைலா நகல் ஒன்று கேளுங்கள். சண்டைக்காரத் தொனியில் வேண்டாம், படிக்க ஆசையாக இருக்கிறது என்று கேளுங்கள். நல்ல செயலாளர் சந்தோஷப்படுவார், நிறையப் பேருக்கு அவரே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவார். தர மறுத்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கலாம். சங்கம் அங்கே தாக்கல் செய்தது பொது ஆவணம். அறக்கட்டளைப் பத்திரம் கொஞ்சம் வேறு. அசையாச் சொத்து இல்லாமல் எழுதிய பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் 4-ஆம் புத்தகத்தில் ஏறியிருக்கும், அதன் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான்.

கிடைத்ததும் முழுவதையும் படிக்க நேரமில்லை என்றால், உறுப்பினர் தகுதி, பதவிக்காலம், கூட்டம் கூட்டும் முறை, திருத்தும் முறை, சங்கம் கலைந்தால் சொத்து எங்கே போகும் என்ற இடங்களை மட்டும் பாருங்கள். வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து என்பதையும் பார்த்துவிடுங்கள். விடுபட்டது ஏதாவது இருந்தால், எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் இந்த வருஷமே திருத்தம் கொண்டுவரச் சொல்லுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு கொண்டுவந்தால் அது யாருக்கு எதிராக என்றுதான் கேட்பார்கள்.

படிக்கும்போது இறகுப்பந்து மட்டை மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் நமக்கு எழுதி அனுப்புங்கள். ஊர் பெயரும் சங்கத்தின் பெயரும் போட மாட்டோம். நல்ல விதி ஒன்றைக் கண்டால் அதையும் அவசியம் அனுப்புங்கள். அடுத்தவர் சங்கத்துக்கு உதவும். தேர்ந்தவற்றை வரும் இதழ் ஒன்றில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்